வற்றாத கிணறு

“வாம்மா தங்கச்சி! மாடி பூரா பைப்பு ஓட்டினாரே உன் வீட்டுக்காரர், கடைசியில என் கிணத்துக்குத்தானே குடத்தைத் தூக்கிட்டு வந்தே?”

பக்கத்து வீட்டு அண்ணன் இப்படிக் கேட்டதும் வரிசையில் நின்ற மொத்தத் தெருவும் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

“ஒரு பைப்பு இல்ல, ஒரு ஜல்லி இல்ல. என் கிணறு வத்துதா பாரு! எல்லாம் கைராசிம்மா, கைராசி!”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தேன். வந்த வேகத்தில் பிளம்பருக்குப் போன் போட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு வேலைதான் மருந்துக்கடையில். உயிர் எங்கள் மழைத்தண்ணீர்த் தொட்டியில். வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாடிக்கு இழுத்துப்போய்ப் பாடம் எடுப்பார். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் கலந்து வரும், அதை வால்வைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். அடுத்து வருகிற தண்ணீர் ஜல்லி, கரி, மணல் போட்ட டிரம்மில் வடிகட்டித் தொட்டிக்குப் போகும். தொட்டி நிறைந்தால் மிச்சம் சுவரோரக் குழியில் இறங்கும். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

சும்மா சொல்லக் கூடாது, தண்ணீர் தேன் மாதிரி இருக்கும். தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி ஓர் ஏற்பாடு என்று எனக்கும் பெருமைதான்.

ஆனால் கோடை முற்றினால் தொட்டி காலி. மிச்சத் தண்ணீர் அத்தனையும் அந்தப் பாழாய்ப்போன குழிக்குள் போகிறதே! இன்னொரு தொட்டி வைத்து அதையும் பிடித்தால் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். வருஷா வருஷம் நானும் நச்சரிக்கிறேன். “பாக்கலாம், பாக்கலாம்” என்று நழுவிவிடுவார் மனுஷன்.

பிளம்பர் வந்து, குழிக்குப் போகும் பைப்பில் ரம்பத்தை வைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு வந்த இவர் அதைப் பார்த்துவிட்டு, “கை வைக்காதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

“வைக்கத்தான் போறார்! கட்டின பொண்டாட்டி மானத்தைவிட இந்தக் குழி உங்களுக்குப் பெரிசாப் போச்சா?” என்றேன்.

“நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்க்கா” என்று பிளம்பர் நைசாக நழுவினார்.

இவர் குரலைத் தாழ்த்தினார். “இந்தக் குழியை அடைச்சா பக்கத்துக் கிணறு வறண்டுடும்.”

“என்னது?”

“நிலம் அவர் வீட்டுப் பக்கமாத்தான் சரியுது. நம்ம குழியில இறங்கற தண்ணி மண்ணுக்குள்ள ஊறி அவர் கிணத்துக்குத்தான் போகுது. நாம குழி வெட்டறதுக்கு முன்னாடி, கோடையில அந்தக் கிணத்துல என்ன இருந்துச்சு? யோசிச்சுப் பாரு.”

யோசித்தேன். வாளியை விட்டால் சேறுதான் வரும்.

“அடப்பாவி மனுஷா! அப்போ அது நம்ம தண்ணியா? கைராசியாம்ல கைராசி! இருங்க, தெருவையே கூட்டி வச்சு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வர்றேன்!”

செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினேன்.

“போய்ச் சொல்லு, நான் தடுக்கல” என்றார் பின்னாலிருந்து. “அன்னைக்கு அந்தக் கிணத்துக்கு மூடி போட்டுப் பூட்டி வச்சிருந்தார். ஒரு சொம்பு கேட்டாக்கூட சாவியைக் காணோம்பார். இன்னைக்குத் தெருவே அள்ளுது. எதுக்குக் குடுக்கறார்? தன் கிணறு வத்தாதுங்கற பெருமைக்கு. அதை நீ பிடுங்கிட்டு வந்துட்டா, திரும்பவும் பூட்டிடுவார்.”

வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

“அப்போ நமக்கு ஒரு பேரு வேண்டாமாங்க?”

“பேரு வந்தா நமக்கு மட்டும்தான் வரும். தண்ணி எல்லாருக்கும் வருதே” என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இந்த மனுஷனை எனக்குத் தெரியவில்லையே! பெருமை தாங்கவில்லை. அதை வெளியே சொல்லவும் வழியில்லை.

பிளம்பரைத் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் குடத்தோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், பக்கத்து வீட்டு அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தெருவே கேட்கும்படி நான் முந்திக்கொண்டேன்:

“அண்ணே, இப்படி ஊருக்கே அள்ளிக் குடுக்கற மனசு யாருக்கு வரும்!”