மேல்வீட்டு ஹீல்ஸ்

விலை உயர்ந்த ஹீல்ஸில் பெரிய மாடல்களின் நடை ஏற்றப்பட்டிருக்கும். போடுகிறவளின் கால் அப்படியே நடக்கும். மலிவான ஜோடிகளில், பணத்துக்காக நடையை விற்ற சாதாரணப் பெண்களின் நடைதான். பெரம்பூர் கிரேஸின் மகள் ஷீபாவும் கல்லூரி நாட்களில் விற்றிருந்தாள். அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

திங்கட்கிழமை மாலை மாடிப்படியில் ஷீபாவின் காலடிச் சத்தம் கேட்டது. இடது கால் சற்றே தாமதித்து விழும் அதே சத்தம். கிரேஸ் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மேல்வீட்டுத் தேன்மொழி புது ஹீல்ஸோடு நின்றிருந்தாள்.

"யாரோட நடையோ ஆன்ட்டி, காலை இழுக்குது. ஆபீஸ்ல ஒரே கிண்டல். நாளைக்குக் கடையில குடுத்தா அழிச்சிட்டு வேற ஏத்தித் தருவாங்க."

"அது ஷீபா நடைம்மா."

தேன்மொழி ஹீல்ஸைக் கழற்றக் குனிந்தாள். "ஐயோ, தெரியாம பேசிட்டேன். இத நீங்களே வச்சுக்குங்க ஆன்ட்டி."

"நான் போட்டா, நடக்குறது நான்தான்னு எனக்கே தெரிஞ்சுடுமே. நீ மாத்திக்கோ. இப்ப மட்டும் கீழ போய் ஒரு தடவை ஏறி வா. என்னைக் கூப்பிடாத, நேரா மேல போயிடு."

தேன்மொழி இறங்கினாள். கிரேஸ் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பேருக்கு டீ வைத்தாள்.