பியூலாவின் முறை

அவர் ஆரம்பித்துவிட்டார்.

சத்தம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் ஆரம்பிப்பார்.

அடுக்களையில் அவர் மனைவி சாளை மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

மணி ஏழு. உப்பளத்திலிருந்து வந்து, குளித்து, பாயை விரித்து, மடியில் வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி.

இத்தனைக்கும் மனுஷனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது.

முன்பு மூன்று பேர் அந்தப் பாயில் இருந்தார்கள். ஆளுக்கொரு வசனம். முதலில் அம்மா, அப்புறம் மகள், அப்புறம் அப்பா. அப்பாவின் முறை வந்ததும் பியூலா அவர் காதருகே குனிந்து வாசிப்பாள். அவர் திருப்பிச் சொல்லுவார், ஏதோ பிரசங்க மேடையில் நிற்கிற மாதிரி. பியூலாவுக்குச் சிரிப்பு தாங்காது.

"மெதுவாப்பா. ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

படுக்கையில் விழுந்த எட்டு மாதமும் பிள்ளை ஒரே அதிகாரத்தைத்தான் கேட்டாள். ஆறே வசனம் உள்ள சின்ன அதிகாரம். அப்படித்தான் அவருக்கு மூன்றாவதும் ஆறாவதும் மனப்பாடம் ஆயின. மற்ற நான்கும் காதோடு சரி. வாயில் ஏறவில்லை.

பன்னிரண்டு வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. சித்திரையில் அடக்கம் பண்ணினார்கள்.

அதற்குப் பிறகு அவள் பாயில் உட்காரவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. உபதேசியார் தேடி வந்தார். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார்.

"இருக்கட்டும் உபதேசியாரே. அவரோட நான் பேசுறதில்ல."

முகத்துக்கு நேரே சொன்னாள். ஆனால் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினாள்.

ஆண்டவர் இல்லை என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. இருக்கிறார். இருந்தும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அதுதான் கோபம்.

இவர் மட்டும் விடவில்லை. முதல் வசனத்துக்குச் சும்மா இருப்பார். அது அவள் முறை. இரண்டாவதுக்கும் சும்மா இருப்பார். அது பியூலாவின் முறை. மூன்றாவதைச் சொல்லுவார். மறுபடியும் இரண்டு வசனத்துக்கு மௌனம். அப்புறம் ஆறாவது. ஆமென். பாயைச் சுருட்டிவிட்டுச் சாப்பிட வருவார்.

நீயும் வா என்று கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

முதல் மௌனத்தில் அவளுடைய வசனம் நாக்கு நுனிக்கு வந்து நிற்கும். விழுங்கிக்கொள்வாள். பாழாய்ப்போனது மறந்தும் தொலையவில்லை.

இரண்டாவது மௌனத்தில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அவர் அவசரப்படுவார்.

பிள்ளை கடைசியில் அந்த வேகத்திலா வாசித்தாள்? நாலு சொல், அப்புறம் மூச்சு. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். மறுபடியும் நாலு சொல். ஒரு வசனம் முடிவதற்குள் கஞ்சி ஆறிவிடும். நான் வாசிக்கிறேன் என்றால் விடமாட்டாள். இவரோ, நன்றாயிருந்த பியூலாவுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான் காத்திருக்கிறார். அப்புறம் படக்கென்று மூன்றாவதைத் தொடங்கிவிடுகிறார்.

பிள்ளை இன்னும் பாதியில் இருக்கிறாள். தினமும் பாதியில் வெட்டுகிறார்.

நாற்பது நாள் பொறுத்தாள்.

இன்றைக்கும் வெட்டினார்.

கத்தியைப் போட்டாள். கையெல்லாம் செதிளோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். ஒரு பிடி பிடிக்கத்தான் வந்தாள்.

அவர் மடியில் திறந்திருந்தது அந்தப் பக்கம்கூட இல்லை. உப்பில் வெடித்த விரலை ஏதோ ஒரு வரியில் வைத்துக்கொண்டு மூன்றாவதை முடித்தார். நிமிர்ந்து பார்த்தார். பாயில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"ஒன் முறை," என்றார்.

நாலாவது வசனம். சாவுக்குப் பக்கத்தில் நடக்க நேர்ந்தாலும் எனக்குப் பயமில்லை என்று சொல்லவேண்டிய வசனம்.

எட்டு மாதமும் அதைத் தைரியமாகச் சொன்னாள். பிள்ளை கேட்கிறாளே என்று சொன்னாள். இப்போது பயமாகத்தான் இருந்தது. விடிந்தால் பயம், விளக்கு வைத்தால் பயம். அவளுக்குப் பொய் வராது. அதுவும் ஆண்டவரிடம்.

கையைச் சேலையில் துடைத்தாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

சொன்னாள்.

நடுவில் ஒரு இடத்தில் அழுகை முட்டியது. நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து சொன்னாள். பயம் எங்கேயும் போகவில்லை. பயந்துகொண்டே கடைசிச் சொல் வரைக்கும் சொல்லி முடித்தாள்.

அப்புறம் ஐந்தாவது, பியூலாவுடையது.

இரண்டு பேருக்கும் நடுவில் பாய் காலியாகக் கிடந்தது. வெளியே தெருக்குழாயில் யாருடைய குடமோ நிறைந்து வழிந்தது. யாரோ வந்து குழாயை மூடினார்கள்.

அவர் ஆறாவதுக்கு வாயைத் திறந்தார்.

அவள் அவர் முழங்காலில் கை வைத்தாள்.

"பொறுங்க. அவ இன்னும் முடிக்கல."