பவுடரே எழுதுங்க டாக்டரம்மா

“எனக்குப் புரோட்டீன் பவுடர் எழுதிக் குடுங்க டாக்டரம்மா” என்றாள் பயில்வானின் மனைவி.

பக்கத்து நாற்காலியில் இருந்த பயில்வானுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் நிஜப் பயில்வான் ஒன்றும் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேனேஜர். நாற்பதைத் தாண்டி ஜிம்மில் சேர்ந்து, எதிரில் இருப்பவர்கள், இவருடைய சட்டைப் பட்டன் எப்போது தெறிக்குமோ என்று பயப்படுகிற அளவுக்கு வளர்ந்தவர். அந்தப் பெயரை வைத்தது, கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் நான்தான். அவர் காதுபடச் சொன்னதில்லை.

“பவுடரா? யாரு பொண்டாட்டி நீ? வெளியில தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்!” என்று குதித்தார். “ஜிம்முல அத்தனை பேரும் டப்பா டப்பாவாக் கரைச்சுக் குடிக்கிறான். நான் ஒரு ஸ்பூன் தொட்டிருப்பேனா? இதைப் பாருங்க டாக்டர்.”

முழங்கையை மடக்கிக் காட்டினார். மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்ட் தப்பித்தது.

“அத்தனையும் முட்டை, மீன், கோழி, பால், கடலை. இயற்கை!”

டாக்டரம்மா அதைப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன மாசம் வந்தப்ப தினமும் ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், முடிஞ்சப்ப மீன்னு சொல்லி அனுப்பினேன். புரோட்டீன் ஏறவே இல்லையே, இன்னும் இறங்கியில்ல இருக்கு? கால் வீக்கமும் அப்படியே இருக்கு. சொன்னபடி சாப்பிடுறீங்களாம்மா?”

“நல்லா சாப்பிடுறா டாக்டர்” என்றார் பயில்வான். “என் வீட்டுல முட்டைக்குப் பஞ்சமா? தட்டுத் தட்டா வாங்கிப் போடுறேன்.”

“தலைசுத்தல் இருக்காம்மா?”

“சும்மா உட்கார்ந்தே இருந்தா சுத்தத்தான் செய்யும். வாக்கிங் போடின்னா எங்க கேட்குறா?”

கேள்வி மனைவிக்கு, பதில் புருஷனிடமிருந்து. போன தடவையும் இதே கூத்துதான்.

அந்தம்மாவை எடை மிஷினில் ஏற்றினேன். முள் போன மாதத்தைவிடக் கீழேயே நின்றுவிட்டது. பயில்வான் எட்டிப் பார்த்தார்.

“பரவாயில்லையே, இளைச்சிருக்கா! நம்ம சாப்பாடு வேலை செய்யுது பாருங்க டாக்டர்.”

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “இங்க பாருங்கம்மா. வீட்டுக்காரர் சொல்றதுல தப்பு இல்ல. நல்லா சாப்பிட முடியறவங்களுக்குப் பவுடர் தேவையே இல்ல. உங்களுக்கு ஜீரணமும் நல்லா ஆகுது. வீட்டுல முட்டையும் பாலும் இருக்கும்போது டப்பாவுக்கு எதுக்குக் காசைக் கொட்டணும்?”

“கேட்டுக்கோ! படிச்சவங்க சொல்றாங்க!” பயில்வானுக்கு மார்பு இன்னும் கொஞ்சம் விரிந்தது.

“இல்ல டாக்டரம்மா. எனக்குப் பவுடர்தான் வேணும்.”

எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்து அடம்பிடிக்கிற ஜன்மங்களை இங்கே தினமும் பார்க்கிறேன். இந்தம்மாவும் அந்த ரகம்தான். சாக்லேட் வாசனையில் வாய் ருசி கேட்கிறது போல. வாங்கிப் போட ஆள் இருந்தால் திமிர் வரத்தானே செய்யும்!

அந்த நேரம் பார்த்து, வெளியே காத்திருந்தவர்களில் யாரோ, “புரோட்டீன் பவுடர்ல எது நல்லது?” என்று போனில் கேட்பது உள்ளே விழுந்தது.

பயில்வான் எழுந்துவிட்டார். “ஒரு நிமிஷம் டாக்டர். ஒருத்தன் கெட்டுப்போகப் பார்க்குறான்.”

கதவுக்கு அந்தப் பக்கம் பிரசங்கம் தொடங்கியது.

“பவுடரைத் தூக்கிக் கடாசுங்க சார்! காலையில முட்டை சாப்பிடுங்க. வெள்ளைக்கரு மட்டும். மஞ்சக்கருவை நான் எங்க நாய்க்குப் போட்டுடுவேன். அதோட முடி எப்படிப் பளபளக்குது தெரியுமா!”

டாக்டரம்மா நிமிர்ந்து அந்தம்மாவின் தலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வகிடு அகன்று, உச்சியில் தோல் தெரிந்தது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை ஓரமாக வைத்தார்.

“இப்ப நீங்க சொல்லுங்க. வீடு நிறைய முட்டை இருக்கு. உங்களுக்கு என்ன கஷ்டம்?”

அந்தம்மா ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“நீங்க சொன்ன ரெண்டு முட்டையைத் தனியா அவிச்சு எடுத்து வெச்சேன் டாக்டரம்மா. ஜிம்முலேர்ந்து வந்தார். ‘இன்னைக்கு வெயிட் ஜாஸ்தி’ன்னு அதையும் எடுத்துக்கிட்டார். தினமும் அப்படித்தான். பாலும் அதே கதி. எனக்குன்னு வெச்சதுன்னு சொன்னா, ‘உனக்கு எதுக்குடி, நீ என்ன வெயிட்டா தூக்குறே?’ன்னு சிரிக்கிறார்.”

“நீங்க கோபப்படலையா?”

“எங்கே டாக்டரம்மா கோபப்படுறது? அந்த முட்டைத் தட்டையும் பால் கேனையும் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறுறதே நான்தான். ஏறி முடிச்சா பேச மூச்சு இருக்காது.”

இவளைப் போய்த் திமிர் பிடித்தவள் என்று நினைத்தேனே!

வெளியே பயில்வான் யாருக்கோ கோழியை வேகவைக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா சீட்டை இழுத்துப் பவுடர் பெயரை எழுதினார். எழுதியவர் சந்தேகத்தோடு நிறுத்தினார்.

“சரிம்மா, இதை மட்டும் விட்டு வெப்பாரா?”

“விட்டு வெப்பார் டாக்டரம்மா.” வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தம்மா சிரித்தாள். “அவர் கொள்கைக்காரர். செத்தாலும் பவுடரைத் தொடமாட்டார்.”