படுத்துப் பார்த்து வாங்கிய டிவி

"சார், டிவியெல்லாம் உள்ளே இருக்கு. நீங்க எங்க போறீங்க?"

சேல்ஸ்மேன் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பெரியவர் கடையை விட்டு இறங்கி, ரோட்டையும் தாண்டிவிட்டார்.

அவர் மனைவி மட்டும் டிவி வரிசைக்கு முன்னால் அசையாமல் நின்றிருந்தார்.

"அவர் வருவாருங்க. நீங்க இந்த டிவியைக் கொஞ்சம் வாசல் பக்கமாத் திருப்புங்க."

"வாசல் பக்கமா? எதுக்கு மேடம்?"

"பாத்துட்டுச் சொல்லுவார்."

சேல்ஸ்மேன் முக்கி முனகித் திருப்பினான். உடனே அந்த அம்மாளின் செல்போன் அடித்தது.

"தெரியுதாங்க? என்னது, ரோட்ல போற பஸ்ஸெல்லாம் டிவிக்குள்ள ஓடுதா? சரி, வேற காட்டச் சொல்றேன்."

"மேடம், யாராவது டிவியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாப்பாங்களா?"

"நிக்கலீங்க. படுத்திருக்கார்."

சேல்ஸ்மேன் வாசலுக்கு ஓடினான். எதிரே மெத்தைக் கடை. அதன் முகப்பில் போட்டிருந்த கட்டிலில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பெரியவர் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தார். காதில் போன். பக்கத்தில் மெத்தைக் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார்.

அம்மாள் ஸ்பீக்கரைப் போட்டார். கடைக்காரரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"எப்படி இருக்குங்க? சும்மா மெதக்கிற மாதிரி இல்ல?"

"நல்லா இருக்குங்க. ஆனா எழுத்துதான் எறும்பு மாதிரி தெரியுது."

"மெத்தையில ஏதுங்க எழுத்து?"

"நான் டிவி பாக்க வந்தேன். அந்தத் தலையணையில ஒண்ணை உருவிடுங்க. அவ்வளவு உயரம் கிடையாது."

மெத்தைக் கடைக்காரரின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

இங்கே கடையில் கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொரு டிவியாக வாசலுக்குத் திரும்பியது. சேல்ஸ்மேன் கலர் பற்றிச் சொன்னான், சவுண்ட் பற்றிச் சொன்னான், குரல் கொடுத்தாலே சேனல் மாறும் என்று சொன்னான். அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்னங்க, மேட்ச் ஸ்கோர் தெரியுதா?"

கடைசியில், கடையிலேயே பெரிய டிவிக்கு முன்னால் வந்தார்கள். வெளிச்சம் பட்டாலும் பளபளக்காத திரை.

"தெரியுது! தெரியுது! எத்தனை பேர் அவுட்டுன்னுகூடத் தெரியுது!" என்று போன் அலறியது.

வியர்வையைத் துடைத்தபடி பெரியவர் திரும்பி வந்தார். வந்தவர் டிவிக்கு எதிரே நிற்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து, டிவியின் பக்கவாட்டில், சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இங்கேர்ந்தும் ஏதோ தெரியுது. போதும்."

"நேரா உக்காந்து பாருங்க சார். அப்பத்தானே டிவியோட அருமை தெரியும்?"

"நேரா எங்களுக்கு இடமில்ல தம்பி. நாங்க ஓரமாத்தான் உக்காருவோம்."

"கழுத்து பிடிச்சுக்குமே?"

"பிடிச்சா இடம் மாத்திக்குவோம். நான் அந்தப் பக்கம், இவ இந்தப் பக்கம்."

கூட்டத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள். "கழுத்தை ஒடிச்சுக்கிட்டுப் பாக்க இவ்வளவு பெரிய டிவி! சரியான மறை கழண்ட கேஸ்."

மறுநாள் டிவியை மாட்டப் போன ஆளோடு சேல்ஸ்மேனும் வண்டியில் தொற்றிக்கொண்டான். அந்த வீட்டைப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

சின்ன வீடு. ஒடுங்கிய தெரு. டிவி மாட்ட ஹாலில் தோதான சுவர் இருந்தது. ஆனால் பெரியவர் வேறு சுவரைக் காட்டினார்.

"சன்னலுக்கு நேரா மாட்டுங்க."

மாட்டியதும் திரைச்சீலையை முழுக்க விலக்கிவிட்டார். சோபா ஏற்கெனவே ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. மேட்ச் ஓட ஆரம்பித்தது. சன்னல் வழியே தெருவே பார்க்கிற மாதிரி ஹால் முழுக்கப் பச்சை மைதானம்.

எதிர் வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். ஒரு கை அசைவில்லாமல் போர்வைமேல் கிடந்தது.

"பாத்தியாடி! பெரிய டிவி வாங்கிட்டாங்களாம். நமக்குப் படம் காட்டுறாங்க. என்ன திமிரு!" என்று அவர் தன் மனைவியிடம் கத்தியது இங்கே வரை கேட்டது.

சேல்ஸ்மேனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"சார், தப்பா நினைக்காதீங்க. எழுந்து நடக்க முடியாத மனுஷன் முன்னாடி இப்படியா பந்தா காட்டுறது? பாவமில்ல?"

பெரியவர் போய் மூலைச் சோபாவில் உட்கார்ந்து கழுத்தை வளைத்து மேட்ச் பார்த்தார்.

அம்மாள்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எதிர் வீட்டுக்காரருக்கு மேட்சுன்னா உசுரு. படுக்கையில விழுந்த நேரம் பாத்து அவங்க வீட்டு டிவியும் போயிடுச்சு. எங்க பழைய டிவியைக் குடுத்தனுப்பினோம். வந்த கையோட திருப்பி அனுப்பிட்டார். வண்டி நிறுத்துற தகராறுல எங்களோட பேச்சுவார்த்தையே கிடையாது."

எதிர் வீட்டில் திட்டு நின்றிருந்தது. படுத்திருந்தவர் தலையணையில் கன்னத்தைத் திருப்பி, கண்ணிமைக்காமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சிக்ஸர் அடித்தார். அவருடைய நல்ல கை, அவரையும் அறியாமல், கட்டில் சட்டத்தைத் தட்டியது.

சேல்ஸ்மேன் அம்மாள் பக்கம் திரும்பினான். "இதை யாராவது அவர்கிட்ட எடுத்துச் சொல்லலாமே மேடம்?" என்றான் உரக்க.

"ஐயோ, மெதுவா!" பெரியவர் பதறி எழுந்து வந்து அவன் வாயைப் பொத்தினார். "பந்தா பண்றோம்னு நினைக்கிற வரைக்கும்தான் தம்பி பாப்பார். உதவின்னு தெரிஞ்சா சன்னலைச் சாத்திடுவார்!"