சுகர் கம்மி

கவிநிலா ஆட ஆரம்பித்ததும் பம்பைக்காரர் இன்னும் வேகமாக அடித்தார்.

என் தங்கை. பதினாலு வயது. ஏழு வயதிலிருந்து தினமும் இன்சுலின்.

அடி அண்ணாமலை அம்மன் கோயிலில் ஆடிக் கூழ். வந்ததும் ஊற்றிவிடுவார்கள் என்று நம்பி, வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். படையல் இழுத்துக்கொண்டே போனது.

உடம்பெல்லாம் வேர்வை. கை நடுக்கம். கண் எங்கேயோ சொருகிக் கிடந்தது.

இறங்கியது சர்க்கரை. ஆத்தா இறங்கிவிட்டாள் என்றது கூட்டம்.

ஒருத்தி மாலை போட்டாள். ஒருத்தி வேப்பிலையைக் கையில் திணித்தாள். வாயில் ஒரு துண்டு வெல்லம் வைக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

இடித்துக்கொண்டு உள்ளே போனேன். வெள்ளையம்மாள் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர் வீடு. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று தன் பிள்ளைகளைக் கவிநிலாவின் பக்கத்தில் உட்காரவிடாதவள். தங்கை குடித்த டம்ளரை வெளியிலேயே கவிழ்த்து வைப்பவள்.

“உடுங்க பெரிம்மா, அவளுக்கு சுகர் கம்மியாயிடுச்சு.”

“ஜாஸ்தின்னுதானே ஊசி குத்துறீங்க? கம்மியானா நல்லதுதானேடி. காலேஜி போயிட்டு வந்தா ஆத்தாவையே அடக்கிடுவியா நீ?”

சொல்லிவிட்டு, கவிநிலாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

பின்னாலேயே வரிசை சேர்ந்தது. அதில் என் அம்மாவும் நின்றாள். கையைக் கூப்பி, கண்ணில் தண்ணீரோடு, நடுங்கிக்கொண்டிருந்த தன் பெண்ணிடமே கேட்டாள்.

“தாயே, எம் பொண்ணுக்கு இந்த ஊசி எப்ப நிக்கும்?”

அம்மாவை அறையலாம் போலிருந்தது. நேரமில்லை. அவளைத் தள்ளிவிட்டு, என் பையிலிருந்த குளுக்கோஸ் மாவைத் தண்ணீரில் குழைத்துத் தங்கையின் கன்னத்துக்குள் அப்பினேன். கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாள். வேர்வை அடங்கியது. என்னை அடையாளம் தெரிந்தது.

ஆத்தா மலையேறிவிட்டாள் என்று கற்பூரம் காட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி, நனைந்திருந்த தாவணியை உருவினேன். முந்தானை முடிச்சில் ஏதோ தட்டுப்பட்டது.

பிரிக்காத குளுக்கோஸ் பொட்டலம்.

கை லேசாக நடுங்கினாலே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கத்தில் நடுங்கினால்கூட எழுந்து போட்டுக்கொள்கிறவள் அவள்.

பொட்டலத்தை அவளிடம் நீட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“பெரிம்மா நெஜமாவே என் காலைத் தொட்டாங்களாக்கா?”