உள்ளங்காலில் சாயம்

"காலை இன்னும் கொஞ்சம் தூக்குங்கய்யா" என்றாள் நர்ஸ்.

தூக்கினேன்.

முப்பது வருஷமாக ஊரார் கால்களை என் மடியில் வைத்துச் செருப்பு மாட்டிவிட்டவன் நான். என் காலை இன்னொருவர் மடியில் வைத்திருப்பது கூச்சமாக இருந்தது.

அவள் கைப்பேசியின் முனையில் சின்ன லென்ஸ் ஒன்றை மாட்டி, வலது உள்ளங்காலில் ஒட்டவைத்துப் படம் எடுத்தாள். அடுத்த நொடி படம் திரையில் விரிந்தது. திரையின் ஓரத்துச் சதுரத்தில் டாக்டரம்மா. எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால், ஏதோ பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊர்க் கிளினிக்கில் இப்படித்தான். தோல் டாக்டர் வரமாட்டார். தோல்தான் அவரைத் தேடிப் போகும்.

கறுப்புக் கறை அது. முதலில் மிளகளவு இருந்தது. புதுத் தோல் செருப்பின் சாயம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். விவரமில்லாதவனாக இருந்தால் பயந்து டாக்டரிடம் ஓடியிருப்பான். எனக்குத்தான் தொழில் தெரியுமே. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். ஒரு வருஷம் தேய்த்தேன். சாயம் போகிற சரக்கை அனுப்பியதாக மொத்த வியாபாரியைப் பிடித்து உலுக்கி, விலையைக்கூடக் குறைத்து வாங்கினேன்.

ஐந்து மாதத்துக்கு முன்பு மனைவி இழுத்துவந்து இதே நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அன்றைக்குப் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, பதினாலு நாளுக்குள் நேரில் வர வேண்டும், வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கறுப்பு ஷூ விற்கிற மாதம். எங்கள் வருஷத்துச் சோறு அந்த ஒரு மாதத்தில்தான் வேகும்.

இரண்டு மாதம் கேட்டேன். ஒன்றுக்கு இறங்கினேன். கடைசியில் இருபது நாள் என்று கெஞ்சினேன். அந்த அம்மா ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை. மேசையைத் தட்டினார். குரலை உயர்த்தினார். என் மனைவியைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டு, "இவரை நம்பாதீங்கம்மா, நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

என்ன பிடி! நம் கடையில் உட்காரவைத்திருந்தால் பக்கத்துக் கடைக்காரன் பூட்டிக்கொண்டு போயிருப்பான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

தலையை ஆட்டிவிட்டு வந்து ஷூ விற்றேன்.

சீசன் முடிந்தது. அப்புறம் ஒரு வேலை, அதற்கப்புறம் ஒரு வேலை. போன மாதம் தொடை இடுக்கில் கோலிக்குண்டு மாதிரி ஏதோ உருண்டது. நர்ஸ் என்னைத் திட்டித் தீர்த்து, பக்கத்து ஊரில் சோதனைக்குச் சதை எடுக்கவைத்தாள், ஸ்கேன் எடுக்கவைத்தாள். எல்லாம் டாக்டரம்மாவின் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

அவற்றைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

திட்டுவார் என்று ஒன்றுக்கு மூன்றாகப் பதில் வைத்திருந்தேன். திட்டவில்லை.

"வலி இருக்குங்களா?"

"படுத்தாக் கொஞ்சம் இருக்கு."

"மாத்திரை எழுதறேன். நல்லாத் தூங்கலாம்."

நான் பேரத்தை ஆரம்பித்தேன். மகளுக்கு இது ஏழாம் மாதம். என் காலைப் பற்றி அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரசவம் நல்லபடியாக முடிகிறவரை ஆஸ்பத்திரியில் படுக்கக்கூடாது என்பது என் கணக்கு. தேவை மூன்று மாதம். ஆறாகக் கேட்டால்தான் மூன்றில் வந்து நிற்கும்.

"பொண்ணுக்குப் பிரசவம் வருதுங்க. குழந்தைக்குத் தலை நின்னதும் வந்து ஆபரேஷன் பண்ணிக்கறேன். ஒரு ஆறு மாசம் குடுங்க."

"சரிங்க" என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான். மேசையைத் தட்டவில்லை.

"பொண்ணு வெளியூர்ல இருக்காங்களா? இந்த வாரமே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்."

பக்கத்தில் நின்றிருந்த என் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? பதினாலு நாள்னு மிரட்டினவங்க, இப்ப கேட்ட உடனே ஆறு மாசம் குடுத்துட்டாங்க. உங்க வாய்க்கு அவங்களே இறங்கி வந்துட்டாங்க!"

நர்ஸ் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

என் கடைப் பரணில் ஒரு பெட்டி இருக்கிறது. பசை விட்டு, அடி வெடித்த ஜோடிகள். நல்ல சரக்குக்கு நான் உயிரைக் கொடுத்துப் பேரம் பேசுவேன். அந்தப் பெட்டியில் கைவைத்து எவன் எந்த விலைக்குக் கேட்டாலும் சண்டை போடுவதில்லை. சரிங்க என்பேன்.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்கப் பேரம் பேசினேன்.

"ஆறு மாசம் வேண்டாம்மா. நாளைக்கே வர்றேன். முதல் பஸ்ஸுக்கே கிளம்பிடறேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அவசரம் ஒண்ணும் இல்லைங்க."

"அதான் அவங்களே சொல்றாங்கள்ல?" என்று சிரித்தபடி, என் மனைவி மகளுக்குப் போன் போட ஆரம்பித்தாள்.