ஆறரை மணி ஹோர்ன்

"பேஏஏம்... பப்பப் பேம்!"

காலமை ஆறரை. புளியந்தீவில அந்த ஒழுங்கை முழுக்க ஒழும்பிட்டு.

"ஆர்னோல்ட்ட பிக்கப் திரும்பவும் செத்துப் போச்சி," எண்டு ஆரோ கொட்டாவி விட்டாங்க.

ஆர்னோல்ட் ஹோர்ன விட்டிட்டு பிக்கப்புக்குள்ள இருந்து தலைய நீட்டினார். கையில கிறீஸ். முகத்தில வெக்கம் எண்டது மருந்துக்கும் இல்ல.

"பெற்றறி படுத்திட்டு! வந்து கொஞ்சம் தள்ளி விடுங்க கா!"

எதிர்வீட்டு இளையதம்பி சாரத்த மடிச்சிக் கட்டிக்கொண்டு முதல் ஆளா வந்தார். பின்னால இன்னும் ரெண்டு பேர்.

ஏறாவூரில வாகனச் சாமான் கடை வச்சிருக்கிற மர்சூக், ஆர்னோல்ட் சொல்லிவிட்ட சைட் கண்ணாடியக் குடுத்திட்டு ஓடுவம் எண்டுதான் வந்தவன். வசமா மாட்டிட்டான்.

"என்ன மர்சூக், படம் பாக்கிற மாதிரி நிக்கிறாய்? தள்ளு மனே!"

தள்ளினான். வாவிக்கரை ரோட்டுக்குப் போனதும் பிக்கப் ஒருக்கா இருமிச்சி, ரெண்டு தரம் குலுங்கிச்சி, மறுகா "டக்... டக்... டகடகடக!" வந்த கரும்புகை முழுக்க மர்சூக்கிட வெள்ளைச் சேட்டிலதான்.

இளையதம்பி வயித்தப் பிடிச்சிக்கொண்டு சிரிச்சார். "இப்பதான்டா நீ எங்கட ஒழுங்கை ஆள்!"

மர்சூக்குக்குச் சிரிப்பு வரல்ல.

பழைய டீசல் பிக்கப்தான். ஆனா ஆர்னோல்ட் ஆறு மாசமா வீட்டு வளவுக்குள்ளயே கல்லில ஏத்தி வச்சி, எஞ்சினைக் கழட்டி, மனிசி ஓட்றியிட கிறிஸ்மஸ் கேக் தட்டில பழைய ஒயிலை வடிச்சி, தானே திருத்தினவர். இப்ப வான நீலத்தில பெயின்ற். மேல நாலு லைற். உள்ள சிவப்பு வெல்வெட் சீற்.

"கலியாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு சோடனை இல்ல," எண்டு மர்சூக் புறுபுறுத்தான். "ஒரு பெற்றறி போட மட்டும் மனம் வரல்ல. என்னத்துக்கு? ஊரான்ட முதுகு சும்மாதானே கிடக்கு!"

அடுத்த மூண்டு நாளும் அவன் ஏதாவது சாமானோட வந்தான். மூண்டு நாளும் பிடிபட்டான். மூண்டு சேட் போச்சி.

மறுநாள் ஆறேகாலுக்கே வந்திட்டான். மோட்டார் சைக்கிள் பின்னால புத்தம் புதுப் பெற்றறி ஒண்டு கட்டியிருந்திச்சி.

"அக்கா, இந்தாங்க. சும்மாதான் தாறன்," எண்டான் கேற்றடியில நிண்ட ஓட்றியிட்ட. "இண்டைக்கே பூட்டச் சொல்லுங்க. இந்தக் கஞ்சத்தனத்துக்கு ஒரு முடிவு வேணும்."

ஓட்றி பதறிப்போய் அவனக் கையில பிடிச்சி முருங்கை மரத்தடிக்கு இழுத்திட்டுப் போனா.

"சத்தம் போடாத தம்பி. அவர்ட பெற்றறி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப?"

"காலமை ஒழும்பின உடன போய் ஸ்டார்ட்டர் வயரக் கழட்டி விடுறார். நீங்க தள்ளி முடிய, திரும்பப் பூட்டுறார்."

"யா அல்லாஹ்! என்னத்துக்கு?"

ஓட்றி எதிர்வீட்டக் கண்ணால காட்டினா. "இளையதம்பி அண்ணன்ட மனிசியச் சுனாமி கொண்டு போய் அஞ்சு வருசம். அண்டைக்குப் பூட்டின கதவு. சண்டை முடிஞ்சி ஊரெல்லாம் ரோட்டில நிக்கக்குள்ளயும் மனிசன் வெளிய வரல்ல. பிக்கப்ப முதல்நாள் இறக்கினப்ப பெற்றறி மெய்யாவே படுத்திட்டு. ஆர்னோல்ட் தனியத் தள்ளி முழங்கால் அடிபட விழுந்ததக் கண்டு ஓடி வந்தார். வந்தவர் இஞ்ச இருந்து தேத்தண்ணி குடிச்சி, சிரிச்சிக் கதைச்சிட்டுப் போனார்."

"மறுகா?"

"அடுத்த நாள் பிக்கப் தானா ஸ்டார்ட் ஆச்சி. ஆள் வரல்ல. அதுக்கு அடுத்த நாள்தான் ஆர்னோல்ட் வயரில கை வச்சார். இப்ப நீ இதக் குடுத்தியெண்டா, அந்தக் கதவு திரும்பப் பூட்டும் தம்பி."

கஞ்சன் எண்டு மர்சூக் எத்தினை பேர்ட்டச் சொல்லியிருப்பான்!

"மர்சூக்! ஆருக்கு இந்தப் பெற்றறி?"

ரோட்டில இளையதம்பி. ஒரு கை மோட்டார் சைக்கிள்ல கட்டியிருந்த பெற்றறியில. முகம் செத்துப் போய்க் கிடந்திச்சி.

மர்சூக் ஓடி வந்தான். "இது... இது வந்து... எங்கட சபூரா மாமிட டீவிக்கு!"

"மாமி வீட்டில கரண்ட் இல்லையா?"

"கரண்ட் போனா?"

"லொறிக்குப் போடுற அளவு இருக்கே?"

"பெரிய டீவி அண்ணன்!"

இளையதம்பிக்கு அப்பதான் மூச்சு வந்திச்சி. "நல்ல காலம். ஆர்னோல்ட்டுக்குக் கொண்டு வந்திட்டாய் எண்டு பயந்திட்டன். அவருக்கு மட்டும் குடுத்திராத!"

"ஏன் அண்ணன்?"

இளையதம்பி அங்க இஞ்ச பாத்திட்டுக் கிட்ட வந்தார்.

"பாவம் அந்த மனிசன். டச்பார் கடற்கரையில இருந்த வீட்டையும், கூடப் பிறந்த தம்பி ட்றெவரையும் கடலுக்குக் குடுத்திட்டு இஞ்ச வந்தவர். ஆறு மாசம் அந்த இரும்போட மட்டும்தான் கதைச்சார். இப்ப என்னை வீட்டால வெளிய எடுக்கிறதெண்டு காலமை காலமை என்ன பாடு படுறார் தெரியுமா? அந்தச் சந்தோசத்திலதான் ஆள் ஓடுறார். அதக் கெடுக்கலாமா?"

மர்சூக்கிட கண் பிதுங்கிச்சி. "அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"பேஏஏம்... பப்பப் பேம்!"

இளையதம்பி சாரத்த மடிச்சிக் கட்டினார்.

"முப்பது வருசம் அரசாங்கத்து சீரீபீ பஸ் ஓட்டினவன் நான், மனே. செத்த பெற்றறியில ஹோர்ன் அடிக்குமா?"